கோட்டை தெரியும், கொத்தளம் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில் மிகுபுனைவு நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மிகுபுனைவு என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் ஃபேன்டசி நாவல் என்றுதான் சொல்வோம். மந்திரவாதி, பறக்கும் விலங்கு, முதல் பக்கத்தில் வரைபடம், அந்த வகை. யாரும் பேசாத சொற்களை இந்த நாவல்களில் அள்ளிக் கொட்டுகிறார்கள், பிள்ளைகள் மிரண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், ஆகவே பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பும் கடைசியில் அருஞ்சொற்பொருளும் போட வேண்டும், இல்லையென்றால் எளிய சொல்லாகப் பார்த்து எழுத வேண்டும் என்பது கட்டுரையாளரின் கருத்து. அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அப்படி ஒரு நாவலை 61 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்து முடித்தவள் நான். அவரோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 34 வருடம் சுருக்கெழுத்துத் தட்டச்சராக வேலை பார்த்தவள். பிறர் சொல்லச் சொல்ல எழுதுவதுதான் தொழில். சுருக்கெழுத்தில் மெய்யொலிக்குக் கோடு. உயிரொலிக்குப் பக்கத்தில் புள்ளியோ சின்னக் கீற்றோ. பழகிய சொல் என்றால் புள்ளி, கீற்று எதுவும் போட மாட்டோம். கோட்டைப் பார்த்ததும் சொல் தெரிந்துவிடும். இன்னும் பழகிய சொல்லுக்கு ஒரே இழுப்பில் ஒரு குறி. 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். தெரியாத சொல் காதில் விழுந்தால்தான் கை தடுமாறும். எல்லாப் புள்ளியையும் வைத்து, ஒலி தப்பாமல், முழுசாக எழுதிவைக்க வேண்டும். என்னுடைய பழைய நோட்டுகளைப் புரட்டினால் எந்தச் சொல் எனக்கு அன்றைக்குப் புதிது என்று இன்றைக்கும் காட்டிவிடுவேன். அந்த இடத்தில் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும்.

அத்தனை வருடம் சொற்களோடு கிடந்தவளுக்கு, ஓய்வுபெற்ற பிறகு ஒரு விஷயம் உறைத்தது. நான் எழுதியதெல்லாம் ஒரே சின்னக் கிணற்றில் இறைத்த தண்ணீர். பரிசீலனை, ஒப்புதல், நிலுவை, இணைப்பு, நகல். ஒரு குதிரைக்கு என்னென்ன பூட்டுவார்கள் என்று கேட்டால் கடிவாளம், சேணம், அதோடு சரி. கால் வைத்து ஏறும் வளையத்துக்கு அங்கவடி என்று பெயர் என்பது 34 வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்த நாவல் என் பேத்தியுடையது. 12 வயது. பள்ளியில் யாரோ கொடுத்து, யாரிடமோ போய், அட்டை கிழிந்து வீடு வந்து சேர்ந்தது. 600 பக்கத்துக்கு மேல். ஒரே பிரதிக்குள் இரண்டு அடையாள நூல்: அவளுடையது சிவப்பு, என்னுடையது பச்சை. அவள் எப்போதும் ஐம்பது பக்கம் முன்னால் இருப்பாள். நான் ஓரத்தில் பென்சிலால் சுருக்கெழுத்தில் குறித்து வைத்திருப்பதைப் பார்த்து, "பாட்டி, மந்திரம் எழுதி வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கதையில் ஒரு முற்றுகை. கிட்டத்தட்ட 120 பக்கம் ஒரே கோட்டைக்குள் நடக்கிறது. அங்கேதான் எனக்கு முதல் அவமானம். 'கொத்தளத்தில் ஏறி நின்றாள்' என்று ஒரு வரி. கொத்தளம் எனக்குத் தெரியாத சொல்லா என்ன? கோட்டை கொத்தளம் என்று பிறந்ததிலிருந்து கேட்கிறேன். கோட்டைக் கொத்தளத்தில் கொடியேற்றினார் என்று எத்தனை தடவை செய்தியில் படித்திருப்பேன், எத்தனை தடவை தட்டச்சு செய்திருப்பேன்! என் சுருக்கெழுத்தில் கோட்டை கொத்தளம் இரண்டும் சேர்ந்து ஒரே கோடு. ஆனால் அந்தப் பெண் அதன் மேல் ஏறி நின்றபோது, அவள் எதன் மேல் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டைக்குத் துணையாக, ஓசைக்காகச் சொல்வது என்று ஏதோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பத்துப் பக்கம் போனபிறகு புரிந்தது: மதில் நேராகப் போகாமல் ஆங்காங்கே வெளியே புடைத்து நிற்கிறது, அந்தப் புடைப்பின் மேல் நின்றால் மதிலை ஒட்டி வருகிற எதிரியைப் பக்கவாட்டில் இருந்து அடிக்கலாம். இதை ஆசிரியர் எங்கேயும் விளக்கவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் மதிலின் முகம் தெரிகிறது என்று சொல்கிறார், அவ்வளவுதான். மதிலின் மேலே சாதாரணமாக நின்றால் மதிலின் முகம் எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி என்னைக் குடைந்து, நானே பென்சிலால் ஒரு படம் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் கண் திறந்தது.

இப்போது அந்த வரிக்கு அடியில் '1. கொத்தளம்: மதில் உறுப்பு' என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படித்துவிட்டு, சரி என்று போயிருப்பேன். படம் போட்டிருக்க மாட்டேன்.

கட்டுரையாளர் உடனே கேட்பார்: ஊகித்துப் படித்தால் தப்பாக ஊகிக்க மாட்டோமா? ஊகிப்போம். நானே ஊகித்தேன், அதுவும் வெட்கக்கேடாக. 'ஞாயில்' என்று ஒரு சொல். 'ஞாயிலின் மறைவில் பதுங்கினான்' என்று வருகிறது. ஞாயிறு தெரியும், ஞாயில் தெரியாது. சரி, ஞாயிறுக்குச் சொந்தக்காரனாக இருக்கும், மதிலில் சூரிய வடிவத்தில் ஏதோ சிற்பம் வைத்திருப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ராஜ்ஜியத்தின் கொடியிலும் ஒரு சூரியன் இருந்தது என் போதாத காலம். அதனால் என் சூரியச் சிற்பம் கதைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. எண்பது பக்கம் அந்தச் சூரியனோடு படித்தேன்.

பிறகு கதை என்னைத் திருத்த ஆரம்பித்தது. ஒரு காவலன் இருட்டில் தடவிக்கொண்டே ஞாயில்களை எண்ணுகிறான்: பதினேழாவது ஞாயிலுக்கும் பதினெட்டாவதுக்கும் நடுவில் கயிறு கட்டியிருக்கிறது. இத்தனை சூரியனா என்று எனக்கு லேசாகச் சந்தேகம். அடுத்து, இரண்டு ஞாயில்களுக்கு இடையில் அம்பு நுழைந்து ஒருவன் தோளில் தைக்கிறது. அதற்கடுத்து, கவண்கல் பட்டு ஒரு ஞாயில் உடைந்து விழ, பின்னால் நின்றவன் மறைவு இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறான். அந்த இடத்தில் என் சூரியன் அஸ்தமித்தது. மதிலின் உச்சியில் பல்வரிசை மாதிரி, ஒரு கட்டை, ஒரு இடைவெளி, ஒரு கட்டை, ஒரு இடைவெளி என்று கட்டியிருப்பார்களே, வில்லாளி மறைந்து நின்று எய்ய, அந்தப் பல். அகராதியைத் திறந்து பார்த்தேன், ஆமாம்.

இந்தத் தப்பினால் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ஞாயில் என்ற சொல்லை இனி நான் மறக்க வழியே இல்லை. சரியாக ஊகித்த சொற்களில் பாதி மறந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாச் சொல்லும் இப்படி ஒட்டவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நடுவில் ஒரு காடு வருகிறது. ஆசிரியருக்கு மரங்களின் மேல் அபார ஆசை போலிருக்கிறது. நாலு பக்கத்தில் இருபது மரப் பெயராவது இருக்கும். ஒன்றும் என் தலையில் நிற்கவில்லை. அந்த மரங்களை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை. ஏறவில்லை, வெட்டவில்லை, ஒளியவில்லை. பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்துபோனார்கள். நானும் நடந்துவிட்டேன்.

என் மகள் மொழி கற்பித்தல் படித்தவள். நான் ஞாயில் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, 1978-ல் நடந்த ஒரு சோதனையைச் சொன்னாள். ஓர் ஆங்கில நாவல். அதில் ரஷ்ய மொழியிலிருந்து உருவி ஆசிரியரே செய்துகொண்ட 241 கொச்சைச் சொற்கள். அருஞ்சொற்பொருள் இல்லாத பிரதியாகப் பார்த்து, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிடம் கொடுத்து, சும்மா கதையைப் படியுங்கள் என்றார்கள். முடித்த சில நாளில் சொல்லாமல் கொள்ளாமல் அந்தச் சொற்களில் தேர்வு வைத்தார்கள். சராசரியாக நாலில் மூன்று பங்கு சரியாகச் சொன்னார்களாம். அந்தச் சொற்கள் கதையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும் என்பதுதான் சூட்சுமம். என் ஞாயில் மாதிரி. காட்டு மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு தடவை வந்ததோடு சரி.

அதே சோதனையை நடத்தியவர்களில் ஒருவரான பால் நேஷன் என்ற மொழியியலாளர் பிற்பாடு இன்னொன்றும் செய்தார். அயல்மொழியில் ஒரு கதையைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்று 2000-ல் வெளியான ஆய்வில் கணக்கிட்டார்கள். தெரியாத சொல் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகக் கூடாது. எண்ணுவது என்றால் எனக்குக் கை ஊறும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எண்ணியே பிழைத்தவள் இல்லையா? முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணினேன். 214 சொல், தெரியாதவை 9. நூற்றுக்கு நாலுக்கும் மேல். பேத்தி அந்தப் பக்கத்தில் திணறியதில் ஆச்சரியமே இல்லை, கட்டுரையாளர் சொல்வது அந்த அளவில் சரிதான். அப்புறம் முற்றுகை முடியும் இடத்தில் ஒரு பக்கம்: 208 சொல், தெரியாதவை 2. இடையில் யாரும் நாவலை எளிமைப்படுத்தவில்லை. அதே ஞாயில், அதே கொத்தளம், அதே அகழி, அதே அங்கவடிதான்; நாங்கள் இரண்டு பேரும்தான் ஊருக்குப் பழகியிருந்தோம்.

இந்த 98 கணக்கைத் தமிழுக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலத்தில் நாலு சொல்லாக நிற்பது நமக்கு ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு நிற்கும். 'ஏறிக்கொண்டிருந்தவனுக்கும்' என்பது ஒரு சொல்லா, எத்தனை சொல்? தட்டச்சுத் தேர்வுக்குச் சொல் எண்ணும்போதே இந்தத் தகராறு வரும்.

தெரியாத சொல் ஒரு தொல்லை என்றால், தெரிந்த சொல் வேறு முகத்தோடு வருவது இன்னொரு தொல்லை. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஓதம் என்றால் எனக்குச் சுவர் ஞாபகம்தான். மழைக்காலத்தில் சுவரின் அடியில் ஈரம் ஊறி வெள்ளையடித்தது பொரிந்து உதிருமே, அந்த ஓதம். நாவலில், 'ஓதம் ஏறுமுன் மணல்திட்டைக் கடந்துவிட வேண்டும்' என்று படகோட்டி அவசரப்படுகிறான். கடற்கரையில் ஏது சுவர் என்று ஒரு நொடி விழித்தேன். கடல் ஏறி இறங்குவதுக்கும் ஓதம் என்றுதான் பெயர். சுவரில் ஏறுவதும் தண்ணீர், திட்டில் ஏறுவதும் தண்ணீர். அந்த நொடியில் சுவருக்குப் பின்னால் ஒரு கடல் இருப்பது போல இருந்தது. அதே மாதிரி அலகு. நான் அலுவலகத்தில் ஆயிரம் தடவை போட்ட சொல்: இத்தனை அலகு மின்சாரம். பறவையின் மூக்குக்கும் அலகு என்பது தெரியும். வாளின் வெட்டும் பகுதிக்கும் அலகு என்பது இந்த நாவலில்தான் தெரிந்தது. இதையெல்லாம் அருஞ்சொற்பொருளில் எப்படிப் போடுவார்கள்? அரும் சொல்லே இல்லையே. தெரிந்த சொல் என்று தொகுப்பவர் தாண்டிப் போய்விடுவார். படிக்கிற பிள்ளை மின்சார அலகைப் பிடித்துக்கொண்டு தவிக்கும்.

இனி என் இரண்டாவது அவமானம்.

நாவலில் பனிமூட்டத்துக்குள் மேயும் ஒரு பிராணி வருகிறது. சாம்பல் நிறம், எலும்பு கிடையாது, பெயர் ஞெமுளி. பேத்தி கேட்டாள், "பாட்டி, இது நிஜமாவே இருந்துச்சா?" நான் கொஞ்சம்கூடத் தயங்காமல், "ஞெ-ல ஆரம்பிக்கிற சொல்லெல்லாம் பழைய சொல்லும்மா. சங்க இலக்கியத்துல எங்கயாவது இருக்கும்" என்றேன். எந்தப் பாட்டு என்று அவள் கேட்கவில்லை, பிழைத்தேன். ராத்திரி அவள் தூங்கியதும் போனில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். அதில் இல்லாமலா போகும்? ஞெமல் இருந்தது: சருகு. ஞெமன்கோல் இருந்தது: துலாக்கோல். ஞெமிர்தல் இருந்தது: பரத்தல். ஞெமுங்குதல் இருந்தது: அமுங்குதல். அடுத்து ஞெமை என்று ஒரு மரம். ஞெமுங்குக்கும் ஞெமைக்கும் நடுவில் ஞெமுளி இருக்க வேண்டிய இடம் காலி.

பின்னுரையைப் படித்தால் ஆசிரியரே போட்டு உடைத்திருக்கிறார்: அந்தப் பிராணியும் அதன் பெயரும் தன் கற்பனை. மறுநாள் பேத்தியிடம் சொன்னேன். பெரிதாக ஒன்றும் கேலி செய்யவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எதையாவது அடித்துச் சொன்னால், "ஞெமுளியா, பாட்டி?" என்று கேட்கிறாள்.

எனக்கு இதில் கிடைத்த லாபம், இல்லாத ஒரு சொல்லைத் தேடிப்போய் இருக்கிற நாலைந்து சொற்களோடு திரும்பியது. ஞெமல் என்ற சருகை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. காலால் மிதித்தால் அந்தச் சொல்லே நொறுங்கும் போலிருக்கிறது.

சூடு பட்ட பூனை இல்லையா, அடுத்த சொல்லில் நேர் எதிராகத் தப்பு செய்தேன். கோட்டை மதிலில் இருந்து ஓர் எந்திரப் பறவை பாய்ந்து வந்து, ஏணியில் ஏறுகிறவன் கண்ணைக் கொத்துகிறது. சிரல் என்று பெயர். பேத்திக்கு ஒரே குஷி: "ரோபோ பறவை!" நான் இந்த முறை உஷாராக, "இதுவும் அந்த ஆள் விட்ட கதைதான்" என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல் தேடினேன். சிரல் என்றால் மீன்கொத்தி என்றது அகராதி. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் சிலப்பதிகாரத்தில், அடைக்கலக் காதையில் போய் நிற்கிறேன். மதுரைக் கோட்டை மதிலின் மேல் இருந்த பொறிகளை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். கல் உமிழும் கவண். கரிய விரல் கொண்ட குரங்கு மாதிரி இருந்து, கிட்டே வந்தவனைக் கடிக்கும் பொறி. மதிலின் உச்சியைப் பிடிக்கிற கையைக் குத்தும் ஊசி. பன்றி வடிவில் ஒன்று. அங்கேயே, பாய்ந்து போய்த் தாக்கும் சிரல். உரைகாரர்கள் அது கண்ணைக் கொத்தும் மீன்கொத்திப் பொறி என்று விளக்கியிருக்கிறார்கள். இன்றைய ஆசிரியர் கற்பனை செய்தார் என்று நான் நினைத்தது, அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்தது. பள்ளியில் சிலப்பதிகாரம் என்றால் சிலம்பு உடைவதும் மதுரை எரிவதும்தான் எனக்குப் பாடமாக வந்தது. எந்திரப் பறவை இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே மீதியையும் படித்திருப்பேன்.

இதைப் பேத்தியிடம் சொன்னபோது, அவள் என்னை நம்பவில்லை. புத்தகத்தை எடுத்து, வரியைக் காட்டி, விரல் வைத்துப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆக, ஒரு 12 வயதுப் பிள்ளை சிலப்பதிகாரத்தின் பதினோரு வரியை, தேர்வும் இல்லாமல் கோனார் உரையும் இல்லாமல், பாட்டி பொய் சொல்கிறாளா என்று சோதிப்பதற்காகப் படித்திருக்கிறது.

அவளுக்கு ஒட்டிய சொற்கள் வேறு. எனக்குப் பெயர்ச்சொற்கள், அவளுக்கு வினைகள். கதையில் தம்பியை இழந்த ஓர் அக்கா வருகிறாள். முதலில் விசும்புகிறாள். பிறகு விம்முகிறாள். யாரோ தோளைத் தொட்டதும் தேம்புகிறாள். அவன் செருப்பைப் பார்த்ததும் அரற்றுகிறாள். கடைசியில் கதறல். ஒரு பக்கத்துக்குள் அழுகை இப்படிப் படிப்படியாக ஏறுகிறது. நான் 'அழுதாள்' என்ற ஒரே சொல்லில் காலத்தை ஓட்டியவள். போன மாதம் ஏதோ சண்டையில் பேத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, "எதுக்குடி இப்படி அழற?" என்று கேட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் வந்தது: "அழல. விசும்பறேன்." அதற்குமேல் அவள் அம்மாவால் கோபத்தைத் தொடர முடியவில்லை.

இப்போது உங்கள் இணைப்புக்கு வருகிறேன். வாராவாரம் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, ஐந்து அருஞ்சொற்களும் பக்கத்திலேயே பொருளும் தருகிறீர்கள். நான் அதை வெட்டி ஒட்டி வைக்கிறவள். நாவலை முடித்து மூன்று மாதம் கழித்து எனக்கு நானே ஒரு தேர்வு வைத்துக்கொண்டேன். நாவலின் ஓரத்தில் குறித்த 43 சொற்களைப் பேத்தி கலைத்துப் போட்டு வாசித்தாள். உங்கள் கட்டத்திலிருந்து அதே காலத்தில் வெட்டிய 43 சொற்களையும் நடுநடுவே சேர்த்துக்கொண்டாள். பொருள் சொல்ல வேண்டும்; சுருக்கெழுத்திலும் எழுத வேண்டும். நாவல் சொற்களில் 29 தேறியது. உங்கள் கட்டத்தில் 6. கையும் அதைத்தான் சொன்னது: கொத்தளம், ஞாயில், ஓதம் எல்லாம் புள்ளி இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயின, உங்கள் சொற்களில் புள்ளி மொய்த்தது. ஒரே ஒரு கிழவியை வைத்து நடத்திய சோதனை, அதற்கு மேல் இதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். ஆனால் கட்டத்தை நான்தான் ஆசையாக வெட்டி ஒட்டினேன், நாவலை வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதியைத் தொகுத்து, அகர வரிசையில் சொல் தேட வழி செய்வதற்கு முன்பு, நம்மவர்கள் நிகண்டைத்தான் மனப்பாடம் செய்தார்கள். அதுவும் பட்டியல்தான். ஆனால் திவாகரம் என்ற பழைய நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளைப் பாருங்கள்: மக்கள் பெயர் ஒரு பக்கம், விலங்கின் பெயர் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம், ஒலிக்கு ஒரு பக்கம். ஒரு இடத்துச் சொற்கள் ஒன்றாக இருக்கும், செய்யுளாக இருப்பதால் வாயிலும் நிற்கும். உங்கள் கட்டத்தில் ஒரு வாரம் கப்பலின் உறுப்பும் காதல் நோயும் நெல்லின் வகையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மாதிரி, இறங்கியதும் யாரையும் ஞாபகமில்லை.

ஆகவே ஒரு கோரிக்கை. அதே இடத்தில், அதே அளவுக் கட்டத்தில், ஒரு சொல் போதும். அந்தச் சொல் வேலை செய்கிற ஐந்தாறு வரியைப் போடுங்கள். யாராவது அதன் மேல் ஏறட்டும், அதன் பின்னால் ஒளியட்டும், அது உடையட்டும். பொருளை அங்கேயே கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் வேறு வரியில் அதே சொல்லை மறுபடி கொண்டுவாருங்கள். மூன்றாவது வாரம் பொருளைச் சொல்லுங்கள், அதற்குள் நாங்கள் எங்கள் சூரியனை எல்லாம் கட்டி முடித்து இடித்திருப்போம். பதிப்பாளர்களிடம் உங்களுக்குச் செல்வாக்கு இருந்தால், அடிக்குறிப்பு கேட்பதை விட்டுவிட்டு, முதல் பக்கத்து வரைபடத்தோடு கோட்டை மதிலின் படம் ஒன்றும் போடச் சொல்லுங்கள். பெயர் எழுதாத படம். எது எது என்று படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் அத்தியாயத்தில் நூற்றுக்கு நாலு சொல் தெரியாமல் மிரளுகிற பிள்ளைக்கு என்ன வழி என்ற கட்டுரையாளரின் கேள்வி நியாயமானது. எங்கள் வீட்டில் செய்தது இதுதான்: முதல் இரண்டு அத்தியாயத்தை நான் சத்தமாகப் படித்தேன். தெரியாத சொல் வந்தால் எனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு மேலே போனேன். ஞெமுளிக்கு முன்னால் வரை அந்த நேர்மை என்னிடம் இருந்தது.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. பிறர் வெட்டியதைத் திரும்பத் தட்டச்சு செய்தே பழகியவள். ஒன்றே ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெய்ப்புப் பார்க்கிறவர் எழுத்துப்பிழை என்று நினைத்து, நான் எழுதிய ஞாயிலை எல்லாம் ஞாயிறு என்று திருத்திவிடப் போகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஒருவர்